ஹெரால்டா, மாருதி 800-ஆ?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 8

மாமாவின் 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பக்கத்து வீட்டுக்காரரின் 1992 மாருதி 800-உம் ஒரே மாதத்தில் விலைக்கு வந்திருக்கின்றன. எங்கள் வாசலில் ஒரு காருக்குத்தான் இடம். இரண்டும் ஓடுகிற நிலையில் இருக்கின்றன. அழகுக்காக நிறுத்திவைக்கும் எண்ணம் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது கோயம்புத்தூருக்குள் ஓட்ட வேண்டும். நானும் மனைவியும் ஓட்டுவோம். “நாட்டின் முதல் நவீன கார் மாருதிதான், ஹெரால்டு வெறும் பொம்மை” என்கிறான் தம்பி. இரண்டையும் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், எது நல்ல கார்?

ஜூன் 9, காலை

ஹெரால்டு. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. 1966-ஆம் ஆண்டு இரண்டு கதவு ஹெரால்டை அப்பா 1974-இல் கீழ்ப்பாக்கத்து மருத்துவர் ஒருவரிடமிருந்து வாங்கினார். மாருதியை 1994-இல் நான் புதிதாக எடுத்தேன். சென்னையை ஒட்டிய முடிச்சூர் வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன.

தம்பி பொம்மை என்று சொல்லும் காரை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை உருவாக்கியது. அன்றைய அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் கோத்தவை. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாயும். ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். மாருதி 800-க்கு அந்த வசதி கடைசி வரை வரவில்லை. அதன் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங் போட்ட ஒற்றை அச்சு. நவீனம் என்று எதைச் சொல்கிறார் என்பதைத் தம்பி முதலில் விளக்கட்டும்.

ஜூன் 9, இரவு

காலை அவசரத்தில் பானெட்டை விட்டுவிட்டேன்.

ஹெரால்டின் பானெட் தனித் தகடு அன்று. இரண்டு பக்க மட்கார்டுகள், முகப்பு விளக்குகள், மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே துண்டு. இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்துத் தூக்கினால் முழுவதும் முன்னால் சாய்ந்து, முதலை வாயைப் பிளந்தது போல் நிற்கும். இஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரம் தாங்கும் கைகள் என எல்லாமே வெளிச்சத்துக்கு வந்துவிடும். குனியவே வேண்டாம், டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வலது டயரில் உட்காருவார், நான் இடது டயரில். பிளக்கில் பொறி வரவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளாட்டினத்தை (தொடுமுனைகளை அப்படித்தான் சொல்வோம்) தேய்த்து இடைவெளி பார்ப்பது என் வேலை. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற பற்றவைப்பு வரிசை எனக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம்.

இப்படி அமைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனில் இந்தக் காரைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரையம்புக்குப் பாடி செய்து கொடுத்த நிறுவனம் போட்டியாளரின் கைக்குப் போய்விட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் அழுத்தி எடுக்க வழியில்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து, தனி சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். மற்றவர்கள் சேசிஸையே கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது பின்னோக்கிய நடை என்று தோன்றலாம். ஆனால் ஒரு மட்கார்டு நசுங்கினால் கழற்றிப் பட்டறைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். இதன் கூரையைக்கூட போல்ட்டுகளை அவிழ்த்துத் தூக்கிவிட முடியும். இதே சேசிஸை அடிப்படையாக வைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அழகியைச் செய்தார்கள்.

ஜூன் 12

சேலத்து நண்பர் ஒரு புள்ளிவிவரத்தோடு வந்திருக்கிறார். திரும்பும் வட்டம் ஹெரால்டுக்கு 7.6 மீட்டர், மாருதிக்கு 4.4 மீட்டர், ஆகவே சந்துகள் நிறைந்த ஊருக்கு மாருதிதான் என்கிறார்.

இரண்டும் ஒரே அளவு அல்ல. ஹெரால்டுக்குச் சொல்லும் 7.6 மீட்டர், அதாவது 25 அடி, வட்டத்தின் முழு விட்டம். மாருதியின் 4.4 மீட்டர் ஆரம். இரட்டித்தால் 8.8 மீட்டர். ஹெரால்டு மாருதியைவிட அரை மீட்டருக்கு மேல் நீளமான கார். அப்படியிருந்தும் அதைவிடச் சின்ன வட்டத்தில் திரும்புகிறது. லண்டன் டாக்சிக்குச் சொல்லப்படுவதும் இதே 25 அடிதான்.

மாருதி சோம்பேறி என்பதல்ல இதன் பொருள். மாருதியில் இஞ்சினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போகிறது. இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும் என்றால் அதற்குள் இருக்கும் மூட்டு ஓரளவுக்கு மேல் மடங்காது. ஹெரால்டின் முன்சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றுதான் வேலை. கிட்டத்தட்ட பக்கவாட்டில் பார்க்கும் அளவுக்குத் திரும்பிவிடும்.

ஜூன் 16

அச்சிட்ட எண்ணை நம்பி வாதாட விருப்பமில்லை. இன்று காலை வீட்டுக்கு எதிரே இருக்கும் காலி மனையில் இரண்டு கார்களிலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துச் சுற்றினேன். வெளி டயர் போன தடத்தில் அக்காள் மகன் கோலப்பொடி தூவிக்கொண்டே வந்தான். நாடா பிடித்து அளந்ததில் ஹெரால்டு 25 அடிக்கு ஆறு அங்குலம் கூட, மாருதி சரியாக 29 அடி. மண் தரை, தேய்ந்த டயர், சிறுவனின் கை எல்லாவற்றையும் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு குறை. முழு ஒடிப்பில் ஹெரால்டின் முன்டயர் உருள்வதைவிடத் தரையைத் தேய்ப்பதே அதிகம். அந்த ஒடிப்பை அவசியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் டயருக்குக் கேடு.

அம்மா கோலப்பொடி டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “எந்த வண்டியில் நான் அதிக தூரம் போயிருக்கிறேன் என்று அளந்தாயா?” என்று கேட்டார். பதில் தெரியும் என்றேன், மாருதி. “அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

ஜூன் 17

திருத்தம். ஜூன் 9 குறிப்பில் மாருதியின் பின்னால் பட்டை ஸ்பிரிங் என்று எழுதினேன். தவறு. நேற்று அளக்கும்போது சந்தேகம் வந்து, ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தேன். என் காரில் இருப்பது சுருள் ஸ்பிரிங். ஒற்றை அச்சு என்பது சரி. பட்டை ஸ்பிரிங் இருப்பது ஹெரால்டில்தான், அதுவும் குறுக்குவாட்டில், ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரத்துக்கு. முப்பது ஆண்டுகளாக என் வீட்டில் நிற்கும் காரின் அடிவயிற்றைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறேன். ஹெரால்டின் அடியில் ஒவ்வொரு நட்டும் தெரியும். மாருதியின் அடியில் படுக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. இது எந்தக் காருக்குச் சாதகமான செய்தி என்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் ஹெரால்டின் முன்சக்கரம் ஒடிந்து விழும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறார். விழும். எங்களுக்கே விழுந்திருக்கிறது. ஏன் என்பதைச் சொல்கிறேன், ஹெரால்டு வாங்க நினைப்பவர் இந்த ஒரு குறிப்பையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை வெண்கல மரைக்குள் சுழலும். அதற்கு ஊட்ட வேண்டியது 90 எண் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. ஆனால் அந்த இடத்தில் ஒரு சிறு திறப்பு இருக்கிறது, அதில் நிப்பிள் என்ற கிரீஸ் ஏற்றும் முனையைப் போட்டுவிடுவார்கள். நிப்பிளைக் கண்ட எந்தப் பட்டறைக்காரரும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார். கிரீஸ் மேலேறாது, மரை காயும். மழைநீர் புகுந்து தண்டு அரிக்கும். ஒரு நாள் அந்தத் தண்டு ஒடியும்.

1983 ஐப்பசியில், எங்கள் தெருமுனையில் நடக்கிற வேகத்தில் திரும்பியபோது எங்கள் காரில் அது ஒடிந்தது. வலது சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டது. அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எட்டு ஆண்டுகளாகப் பல பட்டறைகளில் கிரீஸ் அடிக்க விட்டது நாங்கள்தான். புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, கழற்றிப்போட்ட ஒரு காரிலிருந்து தண்டையும் டிரனியனையும் வாங்கிவந்தோம். அன்றிலிருந்து எண்ணெய் ஊட்டுவது எங்கள் வீட்டுப் பொறுப்பு. எண்ணெய் நிரப்பிய கன் ஒன்று தனியாக ஆணியில் தொங்குகிறது, அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். 41 ஆண்டுகளாகத் தொந்தரவு இல்லை.

இப்போது தண்டும் டிரனியனும் இங்கே கிடைப்பதைவிட பிரிட்டனிலிருந்து எளிதாகக் கிடைக்கின்றன. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருப்பதால் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள்.

ஜூன் 24

டிரனியனுக்கு எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டவருக்குப் பதில்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊட்டுகிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை.

ஜூலை 2

கேள்வியைத் திரும்பப் படித்தேன். “நானும் மனைவியும் ஓட்டுவோம்” என்று இருக்கிறது. மூன்று வாரமாக இந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன்.

ஹெரால்டின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ், அதாவது ஓடும்போதே கியர் உரசாமல் விழச் செய்யும் அமைப்பு, கிடையாது. இரண்டு, மூன்று, நான்குக்கு உண்டு. கார் நின்றால்தான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். உருண்டுகொண்டிருக்கும்போது போட வேண்டுமானால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு துளி கொடுத்து, காதை வைத்துப் போட வேண்டும். அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு இது எத்தனை முறை வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. காலின் பலம்தான் பிரேக்கின் பலம். காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப சோக்கை இழுத்து, எவ்வளவு இழுப்பது என்று வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்கு இன்பம். இன்னொருவருக்கும் இன்பமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எங்கள் வீட்டில் ஹெரால்டு இருபது ஆண்டுகள் ஒரே காராக இருந்தது. அம்மா எப்போதும் இடப்பக்க இருக்கையில்தான். மாருதி வந்த மறுஆண்டு, 53 வயதில், அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டார். பயிற்சிப் பள்ளியில் இருபது நாள், பிறகு முடிச்சூர் சாலையில் என்னோடு பத்து நாள். பதினோராம் நாள் என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய் அரிசி வாங்கிவந்தார். அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பு, படப்பை, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்திலிருக்கும் சித்தி வீட்டுக்குத் தனியாகவே போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பினார். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா காரை உள்ளே விட்டுச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

எண்களைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஹெரால்டு 948 சி.சி., நான்கு சிலிண்டர். மாருதி 796 சி.சி., மூன்று சிலிண்டர். குதிரைத்திறன் இரண்டிலும் நாற்பதுக்குள்தான். ஆனால் ஹெரால்டின் எடை ஏறக்குறைய 800 கிலோ, மாருதி 650. தூக்கிச் செல்ல வேண்டிய அந்த 150 கிலோவின் வித்தியாசம் ஒவ்வொரு சிக்னலிலும் காலுக்குத் தெரியும். மாருதியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். கிளட்ச் வெண்ணெய். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும், யாரிடமும் அனுமதி கேட்காது.

ஆகவே என் புதிய பதில்: மாருதி 800.

ஜூலை 3

பதிலை மாற்றியதற்கு நிறையக் கோபம் வந்திருக்கிறது. கோபித்தவர்களுக்கு ஹெரால்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் புகழ்ந்த அதே பின்சக்கரங்களைப் பற்றி.

தனித்தனியாக ஏறி இறங்குவது மேடுபள்ளத்தில் வரம். வளைவில் வேறு கதை. அந்தச் சக்கரங்கள் நடுவிலிருந்து இறக்கை அசைவது போல் அசைபவை. வேகமாக வளைவில் போய், பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், காரின் பின்பகுதி எழும்பி வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அந்த நொடியில் பின்பக்கம் வழுக்கும். 1988-இல் ஏலகிரியிலிருந்து இறங்கும்போது எனக்கு இது நடந்தது. பின்னால் ஆளும் இல்லை, சாமானும் இல்லை. பன்னிரண்டாம் வளைவா பதிமூன்றா என்று நினைவில்லை. வேகம் கூடுதல், தவறு என்னுடையது. வண்டி முக்கால்வாசி திரும்பி மலைப்பக்கச் சுவரை ஒட்டி நின்றது. சுவர் இருந்த பக்கம் திரும்பியதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் காலை எடுக்காதே. ஹெரால்டு ஓட்டுபவருக்கு இது இரண்டாம் பாடம். முதல் பாடம் டிரனியன் எண்ணெய்.

நம் ஊர் வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்தப் பின் அமைப்பு கடைசி வரை பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்டு கெசலில் அதே 948 சி.சி. இஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் வழக்கமான ஒற்றை அச்சைப் போட்டுவிட்டார்கள். மாருதி பின்னாளில் செய்ததையே அவர்கள் முன்பே செய்துவிட்டார்கள். ஜூன் 9-இல் நான் எழுதிய “வசதி”யைச் செய்தவர்களே கழற்றி வைத்துவிட்டார்கள் என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 5

ஏலகிரி ஏற்றத்தில் ஹெரால்டு எப்படி என்று கேட்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்கள் பின்வாங்கித் திரும்பும் இடத்தில் ஒரே மூச்சில் திரும்பும், அந்த 25 அடியின் முழு மகிமை அங்கேதான். ஆனால் மே மாத வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி இஞ்சின் அடங்கிவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்மா தண்ணீர்க் குடத்தோடுதான் மலையேறுவார். மாருதியில் நான்கு பேரோடு ஏறும்போது ஏ.சி.யை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 14

“பழைய கார் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும், மாருதி பிழைக்காது” என்று மதுரைக்காரர் எழுதியதற்கு.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர் எப்படி இருந்தது என்பது ஊருக்கே தெரியும். எங்கள் இரண்டு கார்களும் இருக்கை மட்டத்துக்கு மேல் நீரில் நின்றன. நாங்கள் மொட்டை மாடியில். மூன்றாம் நாள் இறங்கிவந்து பார்த்தபோது ஹெரால்டின் டிக்கிக்குள் ஒரு கெளுத்தி மீன் இருந்தது.

ஹெரால்டு ஒன்பது நாளில் ஓடியது. எண்ணெய்களை எல்லாம் வடித்து, பிளக்குகளைக் கழற்றி, டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் வெயிலில் காயவைத்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றினோம். மாருதியும் அதே ஒன்பதாம் நாள் ஓடியது. 1994 மாருதியில் இருப்பதும் கார்புரேட்டர்தான், கணினி கிடையாது. தெருவில் அன்றைக்குப் புதிதாக நின்ற நான்கு கார்கள் லாரியில் ஏறிப் போய்த் திரும்பவே இல்லை. ஆக மதுரைக்காரர் சொல்லும் கோடு இந்த இரண்டு கார்களுக்கும் நடுவில் ஓடவில்லை. கார்புரேட்டர் போய்க் கணினி வந்த இடத்தில் ஓடுகிறது.

ஆனால் துரு என்ற இரண்டாம் வெள்ளம் பின்னால் வந்தது. ஹெரால்டின் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்துப்போயின. பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றி, கைகளை மட்டும் புதிதாக வெட்டி வெல்டிங் செய்து, மறுபடி முடுக்கினோம். நான்கு மாதம் ஆனது, வேலை சுத்தம். மாருதிக்குத் தனி சேசிஸ் கிடையாது, தரைத் தகடே உடம்பு. அரித்த தகட்டை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறோம். பத்து நாளில் முடிந்தது. இன்றைக்கும் மழைநாளில் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

இப்போது இரண்டுக்கும் பொதுவான கவலை பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் ரப்பர்த் தகடும் இளகிவிடுகின்றன. போன ஆண்டு இரண்டு காரிலும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றினேன். எதை வாங்கினாலும் இதை முதல் வாரத்தில் செய்துவிடுங்கள்.

ஜூலை 15

நேற்று எழுதி முடித்த பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் வழியாக வந்தேன். ஹெரால்டு பிறந்த தொழிற்சாலை அந்தப் பக்கம்தான் இருந்தது. என் கார் அங்கிருந்து வெளியே வந்து 58 ஆண்டு கழித்து ஐந்தாறு கி.மீ. தள்ளி நிற்கிறது. இந்த நெருக்கம் என் முதல் பதிலில் கலந்திருந்தது என்பதை மறைக்கவில்லை. நம் ஊரில் செய்த கார் என்ற பெருமை அப்பாவுக்கு நிறைய, எனக்கும் உண்டு.

அதே நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி. 1 காரின் உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு காரின் வழிவந்த இரண்டு லிட்டர் இஞ்சின். மூன்றே ஆண்டில் நின்றுபோனது. சின்னக் கார் செய்யத் தெரிந்தவர்கள், நாடு சின்னக் காருக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெரிய காருக்குப் போனார்கள். 1983 டிசம்பர் 14-இல் இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தபோது பின்னால் ஒரு லட்சம் பேருக்கு மேல் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். நான்கு கதவு, நல்ல இஞ்சின் வைத்த புதிய ஹெரால்டு ஒன்று அன்று பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஜூலை 28

கேள்வி கேட்டவரிடமிருந்து நீண்ட கடிதம். என் ஜூலை 2 குறிப்பை மனைவிக்குப் படித்துக் காட்டினாராம். “யாரோ ஒருவருடைய அம்மாவை வைத்து எனக்கு ஏன் முடிவு செய்கிறீர்கள்?” என்று கேட்டாராம். மறுநாள் காலை மாமா வீட்டுக்குப் போய் ஹெரால்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பேரூர்ப் பக்கம் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கியர் கத்தியது, பிறகு கத்தவில்லை. திரும்பி வரும்போது உருண்டுகொண்டிருக்கையிலேயே முதல் கியரைப் போட்டாராம். சத்தமில்லாமல்.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் போய், ஹெரால்டை ஏன் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, முதல் கியர் கடினமாக இருந்ததா என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் கேட்டதே இல்லை. அம்மாவுக்கு இப்போது 82 வயது. அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“முதல் கியரா? அந்தச் சத்தத்தை இருபது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். உன் அப்பா எங்கே தவறவிடுகிறார் என்றுகூட எனக்குத் தெரியும். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. என்னை யாரும் ஓட்டுகிறாயா என்று கேட்கவில்லை. மாருதி வந்தபோது நீ கேட்டாய்.”

நான் கேட்டதே எனக்கு நினைவில்லை. புதுக் காரை எடுத்த உற்சாகத்தில் ஏதோ சொல்லியிருப்பேன்.

ஆகவே ஜூலை 2 குறிப்பில் இருக்கும் தகவல்கள் சரி, முடிவு சரியில்லை. சிங்க்ரோமெஷ், டிஸ்க் பிரேக், 150 கிலோ எல்லாம் உண்மைதான். ஆனால் அம்மாவை இருபது ஆண்டுகள் இடப்பக்கம் உட்காரவைத்தது அந்த கியர்பெட்டி அன்று, நாங்கள். 1974-இன் வீட்டையும் 1994-இன் வீட்டையும் ஒப்பிட்டுவிட்டு, இரண்டு கார்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெரால்டின் மேல் போட்ட பழியை எடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது பதிலைக் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் பேரூரில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டார்.

ஜூலை 29

அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். 1995-இல் காஞ்சிபுரம் போனது தீபாவளிக்கு முன்பு அல்ல, பொங்கலுக்கு அடுத்த வாரம், 1996. பட்டுப்புடவை வாங்கவும் போகவில்லை என்பதைச் சேர்க்கச் சொன்னார். சித்திக்கு மூட்டுவலி, தைலம் கொடுக்கப் போனாராம்.

ஆகஸ்ட் 4

ஹெரால்டை வாங்கிவிட்டார்கள். ஆர்.சி. புத்தகம் மனைவியின் பெயருக்கு மாறுகிறதாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், எப்.சி. என்கிற தகுதிச் சான்றின் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

மாருதியைத் தம்பி எடுத்துக்கொண்டது நல்லது. அதன் தரைத் தகட்டை மழைக்கு முன் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு: பெட்ரோல் குழாய்களை மாற்றும் வரை தொலைதூரம் வேண்டாம். பின்டயர்களின் உள்விளிம்பைப் பாருங்கள், அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது, பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஊட்டி, வால்பாறை பக்கம் போனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மாமா வீட்டிலிருந்து கிளப்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, இரண்டு பக்க டிரனியனிலும் 90 எண் கியர் ஆயிலை அடியுங்கள், பழைய கிரீஸ் முழுக்க வெளியே வந்து சுத்தமான எண்ணெய் கசியும் வரை. கன்னில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.